பகிர்ந்தவர் பலர், சேர்ந்தவர் சிலர்

கேள்வி: நான் நடத்தும் இணையவழிப் பாடத்தின் அறிவிப்பைப் பலரும் பகிர்கிறார்கள். சேர்பவர்களோ சிலர்தான். அவர்களும் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியவில்லை; பாதிப்பேர் ‘நேரடி வருகை’ என்றே காட்டுகிறது.

பதில்: வாட்ஸ்அப்பில் வந்த சுட்டியைத் தட்டுகிறவர் எங்கிருந்து வந்தார் என்ற விவரம் பெரும்பாலும் உங்கள் தளத்துக்கு எட்டுவதில்லை. அதனால்தான் ‘நேரடி’. பகிரும் ஒவ்வோர் இடத்துக்கும் தனிச் சுட்டி வையுங்கள்: முகவரிக்குப் பின் கேள்விக்குறி, அதன் பின் மூலம் (utm_source), வகை (utm_medium), பிரசாரம் (utm_campaign) ஆகிய மூன்று யுடிஎம் குறிகள், அதாவது வருகை எங்கிருந்து என்று காட்டும் அடையாளங்கள். ஆங்கிலச் சிற்றெழுத்திலேயே எழுதுங்கள். ஒரு பேரெழுத்து புகுந்தாலும் தள வருகையைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸ் அதை வேறு மூலமாக எண்ணும். இதிலும் ஓர் ஓட்டை உண்டு. ஃபேஸ்புக் சுட்டியை ஒருவர் நகலெடுத்துக் குடும்பக் குழுவில் போட்டால், அங்கிருந்து வருகிறவரும் ஃபேஸ்புக் கணக்கில்தான் ஏறுவார்.

பகிர்கிறவர் எல்லாருக்கும் படிக்கும் எண்ணம் இருக்காது. ‘யாருக்காவது உதவும்’ என்று தள்ளிவிடுவார்கள். அந்த ‘யாரோ’ கேட்பவை மூன்று: எப்போது தொடக்கம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், கட்டணம் எவ்வளவு. இவை அறிவிப்புப் படத்தில் மட்டும் இருந்தால் போதாது, செய்தியிலும் வேண்டும். தேதியை மாற்றிய பிறகும் ஃபேஸ்புக் முன்னோட்டத்தில் பழைய படமே வரும். முன்னோட்டத்தைச் சரிபார்க்க ஃபேஸ்புக் தரும் ஷேரிங் டீபக்கர் என்ற கருவியில் முகவரியைக் கொடுத்துப் புதுப்பியுங்கள்.

கேள்வி: பாடம் பற்றிய பேச்சுக்கு எந்தக் குழு ஏற்றது?

பதில்: வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர்தான், டெலிகிராமில் 2 லட்சம் வரை போகலாம். டெலிகிராமில் பழைய உரையாடல் புதியவருக்கும் தெரியும்படி அமைப்பை மாற்றுங்கள், இல்லாவிட்டால் வாரம் தவறாமல் அதே சந்தேகம் திரும்ப வரும்.

ஒரே இடத்தில்தான் பேச வேண்டும் என்பதும் இல்லை. 2008இல் இணையவழிக் கல்வியாளர்கள் ஜார்ஜ் சீமன்ஸும் ஸ்டீபன் டவுன்ஸும் நடத்திய பாடத்தில் கட்டணம் கட்டியவர்கள் 25 பேர், இலவசமாகச் சேர்ந்தவர்கள் 2,200க்கு மேல். அவரவர் வலைப்பதிவில் எழுதி ‘சிசிகே08’ (பாடப் பெயரின் சுருக்கமும் ஆண்டும்) என்று குறியிட்டார்கள்; அவற்றைத் திரட்டித் தினமும் ஒரு மடல் போனது. நீங்களும் இப்படி ஒரு குறிச்சொல்லை (ஹேஷ்டேக்) அறிவிப்புக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். பொதுச் சொல் வேண்டாம், ஊரார் பதிவெல்லாம் அதில் வந்து கலக்கும். இடைவெளியோ சிறுகோடோ விட்டால் குறிச்சொல் அங்கேயே அறுந்துவிடும்.

கேள்வி: பாதியில் நிற்பவர்களே அதிகம். பாடத்தின் குறையா?

பதில்: பாடத்தின் குறையாகவே இருக்க வேண்டியதில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் 2011 இணையவழிச் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் சுமார் 1,60,000 பேர் பதிந்தார்கள், முடித்தவர்கள் 20,000 பேரைச் சற்றே தாண்டும். எட்டிப் பார்க்க வந்தவர்களைக் கழித்துவிட்டு, முதல் பயிற்சியை அனுப்பியவர்களிலிருந்து எண்ணிப் பாருங்கள்.