பணித் தேக்கம் என்றால் என்ன? ஆரம்ப சுகாதாரப் பணியாளர்கள் வேலையை விட நினைப்பது ஏன்?

வேலையில் மேலே போகவோ வளரவோ வாய்ப்பு மிகக் குறைந்துவிட்ட நிலையைத்தான் பணித் தேக்கம் என்கிறோம். பதவி உயராமல் நிற்பது ஒரு வகை. வேலையில் புதிதாகக் கற்க எதுவும் இல்லாமல் போவது இன்னொரு வகை.

பதவி உயராததற்குக் காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு கிராம சுகாதார செவிலியர். இப்படி ஆறு நிலையங்களுக்கு மேற்பார்வையாளர் ஒருவர் என்பது விதிமுறை. ஆறு பேர் நிற்கும் பஸ்ஸில் ஒரே ஒரு சீட் இருப்பதைப் போலத்தான். உட்கார்ந்திருப்பவர் எழுந்தால்தான் அடுத்தவருக்கு இடம். தமிழ்நாட்டு அரசுப் பணியில் 10 ஆண்டில் தேர்வுநிலை, 20 ஆண்டில் சிறப்புநிலை என்று சம்பளம் ஏறும். ஆனால் கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, பதிவேடு என்ற அன்றாடம் மாறாது.

இந்த இரண்டாம் வகைத் தேக்கம்தான் மனதை அதிகம் அரித்து, வேலையை விடும் எண்ணத்தைத் தூண்டுகிறது. அதே சமயம், புதுப் பதவி உருவாக்காமலே சரிசெய்யக்கூடியதும் அதுதான்: நீரிழிவு, மனநலம் போன்றவற்றில் பயிற்சி கொடுத்து, அந்தப் பொறுப்பையும் கையில் தர வேண்டும். பயிற்சி மட்டும் கொடுத்தால் ஏமாற்றம்தான் கூடும்.

ராஜினாமா குறைவு என்பதால் யாருக்கும் விலகும் எண்ணம் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் நிரந்தர அரசு வேலையில் அந்த எண்ணம் பெரும்பாலும் இடமாறுதல் மனுவாகவும் நீண்ட விடுப்பாகவும்தான் வெளிப்படும்.