பத்துக் கணினிகள் உள்ள அலுவலகத்திற்கு எந்த வலையமைப்பு ஏற்றது? இணைப்பதால் தொல்லைதானே அதிகம்?

நட்சத்திர அமைப்பே ஏற்றது: ஒவ்வொரு கணினியிலிருந்தும் தனிக் கேபிள் நடுவிலுள்ள சுவிட்சுக்கு, அதாவது கணினிகளுக்கிடையே தரவைக் கடத்தும் பெட்டிக்கு, வர வேண்டும். தொல்லை என்று நீங்கள் கேட்பதைப் பார்த்தால், ஏற்கெனவே எங்கோ வேலை முழுவதும் நின்றுபோனதை அனுபவித்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

பினாங்கில் சிறு அலுவலகங்களுக்குக் கேபிள் இழுப்பது என் தொழில். முன்பு டிவி ஆன்டெனா கேபிள் போன்ற ஒரே கோஆக்சியல் கேபிளை மேசைக்கு மேசை கொண்டுபோய், சமிக்ஞை திரும்பி எதிரொலிக்காமலிருக்க இரு முனைகளிலும் 50 ஓம் டெர்மினேட்டர் மாட்டுவார்கள். 185 மீட்டருக்குள் 30 கணினிகள் வரை இணைக்கலாம், கேபிளும் மிச்சம். ஆனால் எங்கேனும் ஓர் இணைப்பு கழன்றால் அத்தனை பேருக்கும் வேலை நிற்கும். நட்சத்திர அமைப்பில் கேபிள் அறுந்தால் அந்த ஒரு கணினிதான் நிற்கும். சுவிட்ச் பழுதானாலோ எல்லாமே நிற்கும். ஆகவே பணத்தை அந்த நடுவில்தான் போட வேண்டும்.

இதைத்தான் பலர் கேட்பதில்லை. ஜார்ஜ் டவுனில் கடைவீட்டு மாடியில் இயங்கும் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில், வரிப் படிவங்கள் குவியும் ஏப்ரல் மாதத்தில், யாரோ ஒரு கேபிளின் இரு முனைகளையும் மேசைக்கடியில் இருந்த மலிவான சுவிட்சிலேயே செருகிவிட்டார். எல்லாருக்கும் பொதுவாக அனுப்பப்படும் தரவுகள் அந்த வளையத்தில் ஓயாமல் சுற்றிப் பெருகியதால் சர்வரும் பிரிண்டரும் பதிலளிக்கவில்லை. "நெட்வொர்க்கே வேண்டாம், பென்டிரைவ் போதும்" என்றார் முதலாளி. கணினி வல்லுநர் ரேடியா பெர்ல்மன் 1985இல் வடிவமைத்த ஸ்பேனிங் ட்ரீ நெறிமுறை இத்தகைய வளையத்தைத் தானாகவே அடைத்துவிடும்; அந்த வசதியுள்ள சுவிட்சைத்தான் நான் விலைப்பட்டியலில் எழுதியிருந்தேன். வரவேற்பறை அலங்காரத்திற்குச் செலவழிக்கத் தயங்காதவர்கள் அந்தச் சுவிட்சை மட்டும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். விற்பனைக்காகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் பொருள் விற்பதில்லை, கூலி மட்டுமே வாங்குகிறேன்.

பென்டிரைவில் கொண்டுபோனால் ஒரே கணக்கேட்டுக்கு ஆளுக்கொரு பிரதி உருவாகும். எது கடைசியாகத் திருத்தப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. ஒரே கோப்பு, பொதுவான பிரிண்டர், ஒரே இடத்தில் காப்புப்பிரதி ஆகியவற்றுக்காகத்தான் இணைக்கிறோம். உண்மையான ஆபத்து, ஒரு கணினியின் நோய் மற்றவற்றுக்கும் பரவுவதுதான். 2017 மே மாதத்தில், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாகிரை என்ற தீநிரல் அப்படித்தான் பரவியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. எனவே புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள். காப்புப்பிரதி ஒன்றை இணைப்பிலிருந்து பிரித்தே வையுங்கள்.

இன்னொன்று: பின்கட்டடத்திற்கும் இணைப்பு வேண்டுமானால் செப்புக் கேபிளைத் தவிர்த்து, மின்சாரத்துக்குப் பதில் ஒளியைக் கடத்தும் ஃபைபர் கேபிள் போடுங்கள். நம் ஊர் இடிமின்னலில் செப்பு வழியே வரும் மின்னெழுச்சி சுவிட்சைக் கருக்கிவிடும்.