தெருவில் நின்று பாலியல் தொழில் செய்யும் பெண்கள் அடிபட்டாலும் ஏன் புகார் கொடுப்பதில்லை? எப்படிச் சமாளிக்கிறார்கள்?

சட்டமே முதல் தடை. 1956-ஆம் ஆண்டு விபச்சாரத் தடுப்புச் சட்டப்படி, வயதுவந்த பெண் தன் விருப்பத்தில் இந்தத் தொழில் செய்வது குற்றமில்லை. ஆனால் பொது இடத்தில் ஆளை அழைப்பது குற்றம் (பிரிவு 8). பைபாஸ் ஓரம் அடி வாங்கியவர் ஸ்டேஷனுக்குப் போனால், "அந்த நேரத்துல அங்க உனக்கென்ன வேலை?" என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

டெல்டாவில் இன்னொரு பயமும் உண்டு. நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் கும்பகோணத்துக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறுபவர், வீட்டில் "கல்யாணச் சமையலுக்குப் போறேன்" என்று சொல்லியிருப்பார். புகார் கொடுத்தால் அது உடைந்துவிடும். ஊர் சின்னது, வாய் பெரிது.

அதனால் தங்களுக்குள்ளேயே பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டு பேராக நிற்பது, வண்டி நம்பரைத் தோழிக்குச் சொல்வது, காசை முதலிலேயே வாங்கித் தோழியிடம் கொடுத்துவிடுவது. குடிப்பவர்களும் உண்டு, வலி மரத்துப்போகும், கூடவே ஆபத்தை மோப்பம் பிடிக்கும் புத்தியும். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இவர்களைக் காவல்துறை கண்ணியமாக நடத்த வேண்டும், பாலியல் வன்கொடுமைக்கு ஆளானால் உடனே மருத்துவ உதவி கிடைக்க வேண்டும் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தனியாகப் போகத் தயங்குபவர் 181 மகளிர் உதவி எண்ணையோ, 15100 இலவசச் சட்ட உதவி எண்ணையோ முதலில் அழைக்கலாம்.