செசிலியா என்ற பெயரை மாற்ற வேண்டுமா?

கேள்வி: எங்கள் மகளுக்கு இரண்டு வயது. என் அம்மாவைப் பெற்ற பாட்டியின் நினைவாக செசிலியா என்று பெயர் வைத்தோம். போன மாதம் என் நாத்தனார் ஏதோ ஓர் இணையதளத்தில் தேடிவிட்டு, அந்தப் பெயருக்கு 'குருடி' என்று அர்த்தமாம் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து மாமியார் குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை, 'பாப்பா' என்கிறார். பள்ளியில் சேர்ப்பதற்குள் மாற்றிவிடலாமா என்று கணவரும் யோசிக்கிறார். எங்கள் குடும்பப் பெயர் பெர்னாண்டோ. அதற்கும் இப்படி ஏதாவது இருந்துவிடுமோ என்று இப்போது பயமாக இருக்கிறது. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மாற்ற வேண்டாம். உங்கள் மனம் அடித்துக்கொண்டிருக்கும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வீட்டில் இதைப் பற்றிப் பேசப்போவது நீங்கள்தானே.

உங்கள் நாத்தனார் பொய் சொல்லவில்லை. லத்தீனில் 'கைகுஸ்' என்றால் பார்வையற்றவர். செசிலியா என்ற பெயரை அந்த வேரோடு சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். ஆனால் இணையதளங்கள் இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கின்றன. அந்த வேரிலிருந்து உங்கள் பாட்டியின் பெயர் எப்படி வந்தது என்ற கதை அங்கே இருக்காது.

செசிலியா என்பது முதலில் ஒரு குடும்பப் பெயர். பழைய ரோமில் கைகிலியுஸ் என்று ஒரு பெரிய குலம் இருந்தது. ரோமர்களிடம் ஒரு வழக்கம்: பெண் குழந்தைக்குத் தனியாகப் பெயர் தேட மாட்டார்கள். குலப் பெயரின் பெண்பால் வடிவம்தான் அவள் பெயர். ஜூலியஸ் சீசரின் குலம் ஜூலியுஸ். அதனால் அவருடைய அத்தை ஜூலியா, இரண்டு சகோதரிகளும் ஜூலியா, மகளும் ஜூலியா. பெரியவள், சின்னவள் என்று சொல்லித்தான் வேறுபடுத்துவார்கள். அதே போல கைகிலியுஸ் குலத்தில் பிறந்த பெண்கள் எல்லோரும் கைகிலியா. அதுதான் பிற்கால உச்சரிப்பில் செசிலியா ஆனது. ரோமுக்கு வெளியே ஆப்பியன் சாலையோரம் வட்டமான கோட்டை மாதிரி ஒரு கல்லறை இன்றும் நிற்கிறது. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டில் செசிலியா மெட்டெல்லா என்ற சீமாட்டிக்காகக் கட்டியது. அவள் குடும்பத்தில் பலர் ரோமக் குடியரசின் தலைமைப் பதவியான கான்சல் பதவியில் இருந்தவர்கள். அந்தக் காலத்து ரோமனிடம் போய் 'செசிலியா' என்று சொன்னால் அவன் நினைவுக்கு வருவது செல்வாக்கான ஒரு குடும்பம்தான், கண் அல்ல.

அப்புறம் அந்தப் பெயர் எப்படி இவ்வளவு தூரம் வந்தது? ரோமில் வேதசாட்சியாக இறந்த புனித செசிலியாவால் வந்தது. அவருடைய வரலாற்றைச் சொல்லும் பழைய நூலில் ஒரு வரி: திருமண விருந்தில் வாத்தியங்கள் முழங்க, அவர் மட்டும் தன் இதயத்துக்குள் கடவுளைப் பாடிக்கொண்டிருந்தார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பிற்காலத்தவர் அவரை இசைக்குப் பாதுகாவலியாக்கினார்கள். ஓவியர்கள் அவர் கையில் ஆர்கனைக் கொடுத்தார்கள். ரோமில் 1585-இல் தொடங்கிய இசைக் கழகம் இன்றும் அவர் பெயரில்தான் நடக்கிறது. அவர் திருநாள் நவம்பர் 22. உலகம் முழுக்கப் பெற்றோர் தங்கள் மகள்களுக்குச் செசிலியா என்று பெயர் வைத்தது இந்தப் பெண்ணை நினைத்துத்தான். உங்கள் பாட்டிக்குப் பெயர் வைத்தவர்களும் லத்தீன் அகராதியைப் புரட்டியிருக்க வாய்ப்பில்லை.

மாமியாரைச் சமாதானப்படுத்த ஒரு குறுக்குவழி உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் புனிதர்களின் வரலாற்றைத் தொகுத்த யாகோபு என்ற இத்தாலியத் துறவி, செசிலியாவுக்கு 'வானத்து லில்லி' என்றும் 'பார்வையற்றோருக்கு வழி' என்றும் பொருள் சொன்னார். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அது பக்தியில் பிறந்த விளக்கம், மொழியியல் அதை ஏற்காது. மாமியாரிடம் சொல்லுங்கள், துறவி ஒருவர் இப்படிப் பார்த்தார் என்று சொல்லுங்கள். இதுதான் உண்மையான பொருள் என்று மட்டும் சொல்லாதீர்கள். நாளைக்கு நாத்தனார் அதையும் தேடிப் பார்ப்பார்.

வேரை மட்டும் பார்த்தால் நாம் மதிக்கும் பெயர்களில் பாதி தேறாது. பவுல் என்றால் லத்தீனில் சிறியவன். தோமா என்றால் அரமேயத்தில் இரட்டைப் பிள்ளை. கிளாடியா நொண்டி என்ற சொல்லிலிருந்து வந்தது. சிசரோ என்ற பேச்சாளரின் பெயரில் இருப்பது கொண்டைக்கடலை. ஸ்காட்லாந்தின் கேம்பெல்லுக்குக் கோணல் வாய், கேமரூனுக்குக் கோணல் மூக்கு. எல்லாம் யாரோ ஒரு மூதாதைக்கு ஊரார் வைத்த பட்டப்பெயர்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்த அர்த்தம் தேய்ந்துபோய், ஆள் மட்டும் மிஞ்சினார். நம்மிடமே பிச்சை, குப்பம்மாள் என்ற பெயர்கள் இல்லையா? முந்தைய குழந்தைகள் தங்காத வீட்டில், இதுவாவது தங்கட்டும் என்று கண்ணீரோடு வைத்த பெயர்கள் அவை. மங்கோலியாவில் 'நெர்குய்' என்று வைப்பார்கள், பெயரில்லாதவன் என்று பொருள். கெட்டது அண்டக் கூடாது என்ற அதே தவிப்புதான். அகராதியில் அந்தச் சொற்கள் எப்படி இருந்தாலும், பெற்றவர்கள் வாயில் அது வேண்டுதல்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பார்வை இல்லாமல் இருப்பது ஓர் இழுக்கு அல்ல. உங்கள் குடும்பக் குழுவில் அந்தச் சொல் ஒரு வசவு மாதிரி வந்து விழுந்திருக்கிறது. அதைத்தான் முதலில் திருத்த வேண்டும். குழந்தை வளர்ந்து, "என் பெயருக்கு இப்படி ஓர் அர்த்தமாமே" என்று கேட்டால் மழுப்பாதீர்கள். ஆமாம், அதன் வேர் அதுதான் என்று சொல்லிவிட்டு, ரோமக் குலத்தையும், இதயத்துக்குள் பாடிய பெண்ணையும், உங்கள் பாட்டியையும் சொல்லுங்கள். பாட்டியைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். வேறு யாராலும் அதைச் சொல்ல முடியாது.

இனி எந்தப் பெயரைத் தேடினாலும், அது எந்த மொழி என்பதை முதலில் பாருங்கள். ஒரே ஒலி இரண்டு மொழியில் இரண்டு பெயராக இருக்கும். உதாரணத்துக்கு ஷீலா. சமஸ்கிருத வழியில் வந்தால் நல்லொழுக்கம். அயர்லாந்து வழியில் வந்தால் அது உங்கள் செசிலியாவேதான்! செசிலியா என்ற பெயர் ஐரிஷ் மொழிக்குப் போய் 'ஷீலா' ஆகியிருக்கிறது. எந்த ஷீலா என்று தெரியாமல் பொருள் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

பெர்னாண்டோவுக்கு வருகிறேன். பயப்பட ஒன்றுமே இல்லை. ஒரு காலத்தில் ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் ஆண்ட விசிகோத்துகளின் ஜெர்மானிய மொழியிலிருந்து வந்த ஆண் பெயர் அது. பின்பாதிக்குத் துணிவு என்று பொருள். முன்பாதியைப் பயணம் என்பார்கள் சிலர், சமாதானம் என்பார்கள் சிலர். ஃபெர்டினாண்டும் ஹெர்னாண்டோவும் இதே பெயர்தான். பெர்னாண்டோவின் மகன் என்பது ஃபெர்னாண்டஸ் ஆனது. 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் போர்த்துகீசியர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட பெயர்களில் இதுவும் ஒன்று.

ஆக, ஒரே குடும்பப் பெயர் இருப்பதாலேயே உறவு என்று ஆகிவிடாது. கொல்லன் எல்லா ஊரிலும் இருந்தான், அதனால் ஸ்மித், ஷ்மிட், கோவாச், ஃபெராரி, ஹத்தாத் என்று எல்லா மொழியிலும் அவன் பெயரில் குடும்பங்கள் இருக்கின்றன. பிலிப்பைன்ஸில் 1849-இல் கிளாவேரியா என்ற ஸ்பானிய ஆளுநர் குடும்பப் பெயர்களை ஒரு பட்டியலாகவே அனுப்பி, அதிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். சில ஊர்களில் எல்லோர் குடும்பப் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்குவது அதனால்தான்.

உங்கள் பெர்னாண்டோ யார் வழியாக வந்தது என்று மாமியாரிடம் கேளுங்கள். அவருடைய மாமனார் பெயர், அதற்கு முந்தைய தலைமுறை, எந்தப் பங்குக் கோயிலில் ஞானஸ்நானம் நடந்தது என்று அவருக்குத் தெரிந்ததை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கோயிலின் பதிவேட்டில் பழைய பெயர்கள் கிடைக்கக்கூடும், அவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். பெயர்களைப் பற்றி அவரோடு உட்கார்ந்து பேச இது நல்ல வழி. 'பாப்பா' என்று கூப்பிடுவதை இப்போதைக்குத் தடுக்க வேண்டாம், அது செல்லப் பெயராகவே இருந்துவிட்டுப் போகட்டும். பள்ளி விண்ணப்பத்தில் செசிலியா என்றே எழுதுங்கள்.