அந்தப் பொத்தானைக் கடைசியாக அழுத்துங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் தரம் 2 படிப்பிக்கிறேன். வகுப்பில் 32 பிள்ளைகள். லண்டனிலிருந்து வந்த உறவினர் ஒருவர் இசைப் படப் புத்தகம் ஒன்று தந்தார். காட்டில் மழை பெய்கிறது, மிருகங்கள் கூடிக் கச்சேரி வைக்கின்றன. பக்கத்துக்கு ஒரு பொத்தான், அழுத்தினால் இசை வரும். முதல் நாள் பொத்தானை அழுத்தப் பிள்ளைகள் அடிபட்டார்கள். இரண்டாம் நாள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது, எனக்கோ பாட்டு வராது. இதை வைத்து ஆக்கச் செயற்பாடுகள் ஏதும் செய்யலாமா?

பதில்: செய்யலாம். பிழைத்த இடம், பொத்தானை முதலில் அழுத்தியதுதான். சத்தம் ஆயத்தமாக வந்துவிட்டால் பிள்ளைக்குச் செய்ய என்ன மிச்சம்? அழுத்துவது ஒன்றுதான். அதற்குத்தான் அடிபட்டார்கள். அடுத்த தடவை பொத்தான்களைக் கடதாசி ஒட்டி மறைத்துவிட்டு, ஒரே ஒரு பக்கத்தைக் காட்டுங்கள். மழைப் பக்கம் நல்லது. "இந்தப் படத்துக்குள்ளே என்ன சத்தம் கேட்கிறது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். சும்மா இருப்பதுதான் கஷ்டம். நமக்கு வாய் துருதுருக்கும்.

கொட்டாஞ்சேனையில் நான் படிப்பித்த காலத்தில் இதேபோல ஒரு மழைப் படத்தைக் காட்டினேன். எல்லாரும் மேசையில் விரலால் தட்டினார்கள். நான் எதிர்பார்த்ததும் அதுதான். ஒரு பிள்ளை மட்டும் தட்டவில்லை. ஏன் என்று கேட்டேன். "எங்கட வீட்டில மழை இப்பிடிக் கேக்காது ரீச்சர். எங்களுக்கு மேல இன்னும் மூண்டு வீடு இருக்கு" என்றாள். தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் வளர்கிற பிள்ளை. அவளுடைய மழை கூரையில் விழுவதில்லை, சுவருக்கு வெளியே குழாயில் இறங்குகிறது. கொப்பித் தாளொன்றைச் சுருட்டி வாயில் வைத்து, தொண்டையை உருட்டி அந்தக் குழாய்ச் சத்தத்தை எழுப்பிக் காட்டினாள். பக்கத்தில் இருந்தவன் உடனே தன் கொப்பியிலும் ஒரு தாளைக் கிழித்தான். அப்புறம் ஒருத்தி குடைக்குள் கேட்கும் மழையைச் செய்தாள், இன்னொருவன் தகரக் கூரை மழையை. ஒரு பக்கத்திலேயே பாடவேளை போய்விட்டது. போகட்டும், புத்தகத்தை முடிக்க வேண்டும் என்று யார் கேட்டார்கள்?

அடுத்த நாள் அந்தச் சத்தங்களைக் கடதாசியில் இறக்குங்கள். மழையை வரையச் சொல்ல வேண்டாம், மழையின் சத்தத்தை வரையச் சொல்லுங்கள். முதலில் முழிப்பார்கள். விட்டு விட்டு வந்தால் புள்ளி, நீண்டு வந்தால் கோடு, பலமாக வந்தால் தடிப்பு என்று சொன்னால் போதும். பலகையில் மாதிரி வரைந்து காட்டாதீர்கள். காட்டினால் 32 பேரும் உங்கள் மழையைத்தான் திருப்பித் தருவார்கள். படங்களை இடமிருந்து வலமாகச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு பிள்ளை அடிமட்டத்தை அவற்றின் மேல் மெதுவாக நகர்த்த, அது நிற்கும் இடத்தில் உள்ளதை மற்றவர்கள் சத்தமாக்க வேண்டும். அடிமட்டம் ஓடினால் மழையும் ஓடும், வெற்றிடத்தில் நின்றால் எல்லாரும் வாயை மூட வேண்டும். இசைக்குறியீட்டின் அடிப்படை இதுதான். அந்தப் பெயரை அவர்களுக்குச் சொல்ல இப்போது அவசரமில்லை.

பாட்டு வராது என்கிறீர்கள். பேச வரும்தானே? ஆங்கில வரிகளைத் தமிழாக்கி அதே மெட்டுக்குள் திணிக்கப் பார்க்காதீர்கள், சொல்லும் நசுங்கும், மெட்டும் நசுங்கும். கதையை உங்கள் வாயால் சொல்லுங்கள். தாளத்துக்கு நம்மிடம் சொற்கட்டு இருக்கிறது: தக இரண்டு, தகிட மூன்று, தகதிமி நான்கு. பிள்ளைகளுக்கு வடை, கிழங்கு, இடியப்பம் என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். யானை நடக்கும் பக்கத்துக்கு எந்தச் சாப்பாடு பொருந்தும் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

இரட்டைக்கிளவியும் கைகொடுக்கும். வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு ஒரு 'தட', மறு பாதிக்கு ஒரு 'தட' கொடுங்கள். மெதுவாகத் தொடங்கி வேகம் பிடித்தால் வெள்ளவத்தை ஸ்டேஷனை விட்டுப் புறப்படும் ரயில் வந்துவிடும். பிரித்தால் பொருள் தராது என்று இலக்கணம் சொல்வதை, ஒரு பக்கம் வாய் மூடியதும் ரயில் காணாமற்போவதில் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுகொள்வார்கள்.

கச்சேரிப் பக்கத்துக்கு வரும்போது எட்டுப் பேராக நான்கு குழு போதும். ரஷ்ய இசையமைப்பாளர் புரொக்கோஃபியெவ் 1936 இல் சிறுவர்களுக்காக எழுதிய 'பீட்டரும் ஓநாயும்' என்ற இசைக்கதையில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வாத்தியம் உண்டு. பறவைக்குப் புல்லாங்குழல், தாத்தாவுக்கு பாசூன் என்ற பெரிய ஊதுகுழல், ஓநாய்க்கு மூன்று பிரெஞ்சு ஹார்ன்கள். அந்த யோசனையை மட்டும் கடன் வாங்குங்கள். வாத்தியங்களுக்குச் சிரட்டை, பால்மா பேணி, ஈர்க்குக் கட்டு, பயறு போட்ட போத்தல் போதும். போத்தல் மூடியை டேப்பால் சுற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது ஒருவரின் மூக்குக்குள் பயறு போகும். எந்த மிருகத்துக்கு எது என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டாம், 'ஏன்?' என்று மட்டும் கேளுங்கள்.

பிறகு புத்தகத்தில் இல்லாத ஒரு பக்கத்தை அவர்களே செய்யட்டும்: தங்கள் தெரு. காகம், கடல், கோயில் மணி எல்லாம் வரும். பாட்டுப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் பாணும் பணிஸும் விற்கும் சூன் பாண் ஓட்டோ வராமல் இருக்கவே இருக்காது. அது பெரும்பாலும் போடுவது பீத்தோவன் 1810 இல் எழுதிய 'ஃபர் எலீஸ்' என்று சொல்லிப் பாருங்கள். அவர்களுக்கு அது பணிஸ் பாட்டு, அப்படியே இருக்கட்டும்.

இவ்வளவுக்கும் பக்கத்து வகுப்பு ரீச்சர் தட்டிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். ஆகவே முதல் நாளே ஒரு சைகையைப் பழக்கிவிடுங்கள்: கை விரிந்தால் சத்தம், பொத்தினால் அமைதி. இரைச்சல் கூடிய வேலையை இடைவேளைக்கு முந்திய பாடவேளையில் வையுங்கள்.

பொத்தானை எப்போது அழுத்துவது? எல்லாம் முடிந்த பிறகு. அப்போது அவர்கள் அடிபட மாட்டார்கள், குறை சொல்வார்கள். "இது மழை மாதிரி இல்லை ரீச்சர்" என்று யாராவது சொன்னால் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று கேளுங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். இப்படியான புத்தகங்களுக்குள் பெரும்பாலும் சிறிய பொத்தான் பற்றரி இருக்கும். விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே கடுமையாக எரித்துவிடக்கூடியது. மூடியின் திருகாணி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால்கூட வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ அதைவிடக் கிட்ட உள்ள வைத்தியசாலைக்கோ நேரே கொண்டு போங்கள்.