மாதத்தின் நடுவில் வழவழப்பாக வருகிற வெள்ளைப்படுதல் நோயா?

கேள்வி கேட்டிருப்பது பாலக்கோடு பக்கத்துத் தங்கை ஒருத்தி, தருமபுரியில் கல்லூரியில் படிக்கிறாள். மாதவிலக்கு முடிந்து ஒரு வாரம், பத்து நாள் கழித்து முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பாக இரண்டு மூன்று நாள் வருகிறதாம், பிறகு கெட்டியாகி வெள்ளையாக மாறுகிறதாம். "எலும்பு உருகி வருதுன்னு எங்க ஆயா சொல்றாங்க, உண்மையா?" என்று கேட்கிறாள்.

எலும்பு உருகவில்லை தங்கச்சி. முதலில் அந்தப் பயத்தை விடு.

நான் பென்னாகரம் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். இதே பயத்தைக் கல்லூரிப் பெண்ணிடமும் கேட்டிருக்கிறேன், பேரன் எடுத்த அம்மாவிடமும் கேட்டிருக்கிறேன். பிரஷர் பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு வாசல்வரை போவார்கள். அப்புறம் திரும்பி வந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "சிஸ்டர், இன்னொன்னு..." என்று ஆரம்பிப்பார்கள். அந்த இன்னொன்று அநேகமாக இதுதான்.

நீ எழுதியிருப்பது உடம்பு ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். மாதவிலக்கு நின்றதும் சில நாள் ஒன்றும் இருக்காது, காய்ந்தே இருக்கும். பிறகு சினைப்பையில் முட்டை வளர வளர ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஏறும். கர்ப்பப்பை வாயில் இருக்கிற சுரப்பிகள் அதற்கேற்ப நீர் சுரக்கும். முதலில் பிசுபிசுப்பாக, கலங்கலாகத் தெரியும். நாள் போகப் போக நீர்த்துத் தெளிவாகி, இரண்டு விரலுக்கு நடுவே வைத்துப் பிரித்தால் அறுபடாமல் நூலாக நீளும். முட்டை வெளிவரும் நாளை ஒட்டி இப்படி ஆகும். விந்தணு நீந்தி உள்ளே போகத் தோதான நீர் அது, அதில் விந்தணு 5 நாள்வரைகூட உயிரோடு இருக்கும். முட்டை வெளிவந்த பிறகு புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் ஏறும், வழவழப்பு ஓரிரு நாளில் நின்றுவிடும். அதன்பின் அடுத்த மாதவிலக்குவரை கெட்டியாக, வெள்ளையாக, குறைவாக வரும், அல்லது வராமலே இருக்கும்.

இது எத்தனையாவது நாள் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அடுத்த மாதவிலக்குக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்னால் என்று பின்னாலிருந்து எண்ண வேண்டும். 28 நாளுக்கு ஒருமுறை வருபவருக்கு 14ஆம் நாள் வாக்கில், 35 நாளுக்கு ஒருமுறை வருபவருக்கு 21ஆம் நாள் வாக்கில். அதனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழிக்கு வரும் நாளோடு உன் நாளை ஒப்பிட்டுப் பயப்படாதே.

இந்த மாற்றத்தைப் பெண்கள் தாங்களே கண்டுகொள்ள முடியுமா என்று உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் ஆராய்ந்து 1981இல் முடிவுகளை வெளியிட்டது. அந்த ஐந்து ஊர்களில் ஒன்று நம் ஓசூரை அடுத்த பெங்களூரு. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் அதில் இருந்தார்கள். சொல்லிக்கொடுத்த முதல் மாதத்திலேயே 90 சதவீதத்துக்கும் மேலான பெண்கள் தங்கள் மாற்றத்தைச் சரியாக அடையாளம் கண்டார்கள். உன்னாலும் முடியும். நாட்காட்டியில் தினம் ஒரு சொல் குறித்து வை: காய்ந்தது, பிசுபிசு, வழவழ. மூன்று மாதத்தில் உன் கணக்கு உனக்குப் பிடிபடும். ஆனால் இதை மட்டும் நம்பி யாரும் கருத்தடை செய்ய வேண்டாம்.

கறுப்பு, மெரூன் ஜட்டியில் நடுவில் மட்டும் சாயம் வெளுத்துப் போகிறதே, அதைப் பார்த்தும் பலர் பயப்படுகிறார்கள். பிறப்புறுப்புக்குள் நல்ல பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலம் சுரந்து கிருமிகளை அண்டவிடாமல் வைத்திருக்கின்றன. அந்தப் புளிப்பில்தான் சாயம் போகிறது. உள்ளே சோப்போ டெட்டாலோ போட்டுக் கழுவினால் இந்தக் காவல் கெட்டுவிடும். வெளியே மட்டும் தண்ணீரால் கழுவினால் போதும். ஜட்டியைத் துண்டுக்கு அடியில் ஒளித்துக் காயப்போடாமல் வெயிலில் போடு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எனக்கு மனசு ஆறாத விஷயம் வேறு. நோயில்லாததைப் பார்த்துப் பயப்படுகிற அதே வீட்டில், நோயாக வருவதைச் "சூடு" என்று சொல்லி வெந்தயமும் மோரும் கொடுத்து மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். மோர் குடி, இளநீர் குடி, நல்லதுதான். தொற்று அதில் போகாது. தயிர்த் திப்பி மாதிரி வந்து அரிப்பு தாங்கவில்லை என்றால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கும் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்கும் இது அதிகம். சாம்பல் வெள்ளையாக, மீன் நாற்றத்தோடு வந்தால் பாக்டீரியா பெருகியிருக்கலாம். மஞ்சள் பச்சையாக, நுரையோடு வந்தால் உடலுறவில் பரவும் தொற்றாக இருக்கலாம், அப்போது கணவருக்கும் மருந்து வேண்டும். அடிவயிற்று வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே போக வேண்டும். உறவுக்குப் பிறகு ரத்தம், வயதாகி மாதவிலக்கு ஒரேயடியாக நின்ற பிறகு ரத்தம், இவற்றைச் சூடு என்று விடவே கூடாது. உன் அம்மாவுக்கு 30 வயது தாண்டியிருக்கும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம், அவரையும் கூட்டிப் போ.

"வெள்ளைப்பட்டே உடம்பு இளைச்சுப் போச்சு" என்று வருகிறவர்களில் பலருக்கு ரத்தப் பரிசோதனையில் தெரிவது ரத்தசோகை. உனக்கும் சோர்வு இருந்தால் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்.

கல்யாணம் ஆகாத பெண் ஆஸ்பத்திரிக்குப் போனால் உள்ளே சோதிப்பார்களோ என்று பயந்தே பலர் வருவதில்லை. பெரும்பாலும் கேள்வி கேட்டும், தேவைப்பட்டால் வெளியே மட்டும் பார்த்துமே மருந்து எழுதிவிடுவார்கள். உன் சம்மதம் இல்லாமல் எந்தச் சோதனையும் செய்யக் கூடாது. பெண் மருத்துவர் வேண்டும், அம்மா கூட இருக்க வேண்டும் என்று தயங்காமல் கேள். கடைசியாக மாதவிலக்கு தொடங்கிய தேதியைக் குறித்து எடுத்துப் போ, முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.