அறிவுரை சொல்லும் ஆணையம், முடிவெடுக்கும் அரசு: கேள்வி பதில்

பிரிட்டனில் 2025 வரை இருந்த தேசிய உள்கட்டமைப்பு ஆணையம் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருக்கே பதில் தந்திருக்கிறேன்.

தேன்சிட்டு: அமைச்சகங்கள் இருக்கும்போது இப்படி ஓர் ஆணையம் எதற்கு?

அமைச்சரின் பதவிக்காலம் ஐந்தாண்டுகூட நீடிப்பதில்லை. ஒரு நீர்த்தேக்கத்துக்கு இருபது ஆண்டுகள் ஆகிவிடும். இங்கிலாந்தில் கடைசியாகப் பெரிய நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது 1992இல், கார்சிங்டனில். மக்கள்தொகை ஏறுகிறது, நீர் போதாது என்பது அதன்பின் வந்த எல்லா அரசுகளுக்கும் தெரியும். ஆனால் நிலம் பறிபோகிறவர்களின் கோபம் இன்றைய அமைச்சருக்கு, திறப்பு விழா எப்போதோ வரப்போகிறவருக்கு. இந்தக் கணக்கில் யார் கையெழுத்திடுவார்?

அதனால்தான் 2015 அக்டோபரில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் இதை அறிவித்தார். கன்சர்வேட்டிவ் அரசு அமைத்த ஆணையத்துக்கு முதல் தலைவர், தொழிற்கட்சி ஆட்சியில் அமைச்சராக இருந்த ஆண்ட்ரூ அடோனிஸ். போக்குவரத்து, மின்சாரம், நீர், வெள்ளத்தடுப்பு, கழிவு, இணைய வசதி எல்லாவற்றையும் முப்பது ஆண்டுத் தொலைவில் பார்த்து, ஒவ்வொரு நாடாளுமன்றக் காலத்திலும் அது ஒரு மதிப்பீடு தரவேண்டியிருந்தது. 2018 ஜூலையிலும் 2023 அக்டோபரிலும் தந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்குப் போட்ட பணவரம்பு. அரசு முதலீடு ஆண்டுக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.0 முதல் 1.2 சதவீதம், இரண்டாம் மதிப்பீட்டுக்கு 1.1 முதல் 1.3. கல்யாணச் சாமான் பட்டியல் யாரும் எழுதலாம். வரம்பு இருந்தால்தான் எதை விடுவது என்றும் சொல்லியாக வேண்டும்.

ரயில் பிரியன்: எச்.எஸ்.2 அதிவேக ரயிலுக்கு ஆணையம் ஏன் அனுமதி கொடுத்தது?

கொடுக்கவில்லை. அனுமதி தரும் அதிகாரம் அதற்கு ஒருநாளும் இருந்ததில்லை. முதல் கட்டத்துக்கு நாடாளுமன்றம் 2017இல் சட்டம் இயற்றியது. ஆலோசனை வேறு, அனுமதி வேறு. இதைத் தயவுசெய்து குழப்ப வேண்டாம்.

மேகநாதம்: லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் மூன்றாம் ஓடுபாதை இவர்கள் யோசனைதானே?

இல்லை. அது ஹோவர்ட் டேவிஸ் தலைமையிலான விமான நிலைய ஆணையம், 2015 ஜூலையில் சொன்னது. 2018இல் நாடாளுமன்றம் ஆதரித்து வாக்களித்தது. ஓடுபாதை இன்னும் போடப்படவில்லை. மறுபடியும்: ஆலோசனை வேறு, அனுமதி வேறு.

வடதிசை: அப்படியானால் பல்லில்லாத ஆணையம். 2023 அக்டோபர் 4 அன்று பிரதமர் ரிஷி சுனக் எச்.எஸ்.2இன் மான்செஸ்டர் பாதையை ரத்து செய்தாரே, ஆணையம் என்ன செய்தது?

கணக்கன் (இடைமறித்து): செய்யவும் கூடாது. தேர்தலில் நிற்காத சிலர், பிரதமரின் கையைக் கட்டுவதா?

இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். கணக்கன் அஞ்சுவது ஏற்கெனவே நடந்த கதை. 2008 திட்டமிடல் சட்டத்தின்கீழ் இன்னோர் ஆணையம் இருந்தது. பெரிய திட்டங்களுக்கு அதுவே அனுமதி தரலாம். அடுத்து வந்த கூட்டணி அரசு, மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களே முடிவெடுக்க வேண்டும் என்று 2012இல் அதை மூடி, அதிகாரத்தை அமைச்சர்களிடம் திருப்பியது. அது சரிதான் என்பது என் கருத்து.

ஆனால் வடதிசையின் ஆதங்கமும் நியாயம். ரத்து அறிவிப்பு வந்து இரண்டே வாரத்தில் இரண்டாம் மதிப்பீடு வெளியானது. முப்பதாண்டுப் பார்வைக்கு அடியிலிருந்த தண்டவாளத்தையே உருவிவிட்டார்கள். 2018 மதிப்பீட்டின் கதை இன்னும் மோசம். ஓராண்டுக்குள் பதில் தருவதாகச் சொன்ன அரசு, முழுப் பதிலைத் தந்தது 2020 நவம்பரில்.

வடதிசை: கேட்க ஆளில்லை என்கிறீர்கள்.

கேட்கச் சட்டமில்லை என்கிறேன். ஆணையத்துக்குச் சட்ட அந்தஸ்து தருவதாக 2016இல் அரசு சொன்னது, பிறகு கைவிட்டது. 2017 ஜனவரியில் அது நிதியமைச்சகத்தின் கீழ் ஒரு முகமையானது. 2008 காலநிலை மாற்றச் சட்டத்தால் அமைந்த காலநிலை மாற்றக் குழுவைப் பாருங்கள். அதுவும் ஆலோசனைதான் சொல்கிறது. அது சொன்ன கார்பன் வரம்பிலிருந்து அரசு விலகினால், காரணத்தை எழுதி வெளியிட வேண்டும் என்கிறது சட்டம். பிரதமரின் கை கட்டப்படவில்லை கணக்கன். வாய் மட்டும் திறக்கவைக்கப்படுகிறது. இந்த வேறுபாட்டைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

கணக்கன்: ஆணையம் சொல்லி உருப்படியாக ஏதாவது நடந்ததா?

நடந்தது. பிரெக்ஸிட்டால் ஐரோப்பிய முதலீட்டு வங்கி கைவிட்டுப்போனால் சொந்த நிதி நிறுவனம் வேண்டும் என்றது. 2021இல் லீட்ஸில் உள்கட்டமைப்பு வங்கி வந்தது.

பனித்துளி: என் ஊரில் காற்றாலைக்கு ஆணையம் அனுமதி தருமா?

மேலே இருமுறை சொல்லியாயிற்று.

குறிஞ்சி: இந்தியாவின் திட்டக் குழு?

1950இல் அமைச்சரவைத் தீர்மானத்தால் வந்தது, சட்டத்தால் அல்ல. அதனால்தான் 2015இல் நிதி ஆயோக் அதன் இடத்தைப் பிடிப்பது அவ்வளவு சுலபமாயிற்று. நிதிக் குழு அப்படியல்ல, அரசியலமைப்பின் 280ஆம் பிரிவு அதற்கு இருக்கிறது. மீதி தனி அமர்வுக்கு.

தேன்சிட்டு: ஆணையம் இப்போது?

இல்லை. 2025 ஏப்ரலில் திட்டங்களைக் கண்காணித்த வேறோர் அமைப்போடு சேர்த்து, நிதியமைச்சகத்துக்குள்ளேயே புதிய அமைப்பாக்கிவிட்டார்கள். ஜூனில் பத்தாண்டு உத்தி வந்தது: குறைந்தது 725 பில்லியன் பவுண்டு, மருத்துவமனை, பள்ளிகளும் உள்ளே. பணம் ஒதுக்கும் இடத்துக்கு அருகில் இருப்பது செயலாக்கத்துக்கு நல்லது. ஆனால் பழைய ஆணையம் எந்தெந்தத் துறையில் அரசு பின்தங்கியது என்று ஆண்டறிக்கையில் வெளிப்படையாக எழுதியது. நிதியமைச்சகத்துக்குள் உட்கார்ந்து அதே குரலில் எழுத எவருக்கும் துணிச்சல் வரும் என்று நான் நம்பவில்லை.

மாணவன்: தேர்வுக்குக் குறிப்புகள் அனுப்புவீர்களா?

மாட்டேன். 2018 மதிப்பீட்டையும் 2020 நவம்பர் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.